எட்டு நிமிஷக் கோணல்

— பிடுங்கினது யாரு? அதை மட்டும் சொல்லு.

— எதைங்க?

— பிளக்கை. படுக்கையறை ஜன்னல் வழியா மொட்டை மாடிக்கு ஒயர் போகுதே, அந்த ஒயரோட பிளக்கை. மேல சிவப்பு மையில 'தொடாதே'ன்னு எழுதி ஒட்டியிருக்கேன்.

— ஓ, அதுவா.

— இஸ்திரிப் பெட்டி சொருகறதுக்காக நீதான் பிடுங்கியிருப்ப.

— ம்.

— ம்னா?

— பிடுங்கியிருப்பேன்னே வெச்சுக்குங்க. சாயங்காலம் உங்களுக்குச் சட்டை வேணுமே. இப்ப என்ன, திரும்பச் சொருகினாப் போச்சு.

— சொருகினாப் போச்சா? ஆஸ்பத்திரியில இருபத்தாறு வருஷமா ஈ.சி.ஜி. எடுக்கறவ நீ. ஓடிட்டிருக்கற மெஷினைப் பாதியில பிடுங்கினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?

— பேஷண்ட் எழுந்து வீட்டுக்குப் போவாரு.

— சிரிக்காத. மவுண்ட்டுக்கு நினைவு தப்பிடுச்சு.

— தொலைநோக்கியைத் தூக்கிட்டு நிக்குதே, அதுக்கா?

— அதுக்குத்தான். வானம் போற வேகத்துக்கு அதுவும் மோட்டார்ல சுத்திக்கிட்டே நட்சத்திரத்தைத் துரத்தணும். உள்ள ஒரு திருகு இருக்கு. திருகு சுத்தினா பெரிய பல்சக்கரம் நகரும், பல்சக்கரம் நகர்ந்தா தொலைநோக்கி நகரும். அந்தத் திருகு ஒரு சுத்துச் சுத்த எட்டு நிமிஷம். அதாவது...

— திருகுல மயிரிழை அளவுக்கு ஒரு கோணல். அதனால நட்சத்திரம் நாலு நிமிஷம் கிழக்க ஒதுங்கும், நாலு நிமிஷம் மேற்க ஒதுங்கும். எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை அதே கோணல் அதே இடத்துல வரும். தெரியும்ங்க. நீங்க இதைச் சொல்றதும் எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான்.

— தெரிஞ்சுமா பிடுங்கின? ஒரு முழுச் சுத்து, நட்சத்திரத்தைக் கண்ணால பாத்துக்கிட்டே, ரிமோட்டைத் தட்டித் தட்டி லென்ஸ்ல தெரியற குறுக்குக்கோட்டுல நிறுத்தி, தட்டின தட்டையெல்லாம் பாடமா அதுக்குள்ள ஏத்தி வெச்சிருந்துச்சு. ஏழு மாசமா அந்தப் பாடத்தை ஒப்பிச்சுக்கிட்டே நட்சத்திரத்தை அசையாமப் பிடிச்சிட்டிருந்த மெஷின் அது. முறைப்படி நிறுத்தாம கரண்ட்டை எடுத்தா, பாடம் ஞாபகம் இருக்கும், திருகு எந்த இடத்துல நிக்குதுங்கறது மறந்துபோயிடும். கிழக்க தள்ள வேண்டிய நேரத்துல மேற்க தள்ளும்.

— அதாவது, மருந்து இருக்கு, வேளை தப்பிப்போச்சு.

— 'அதாவது' என்னோட வார்த்தை.

— வெச்சுக்குங்க. இன்னைக்கு ஒரு நாள் முடியலன்னு, பாக்க வர்றவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடுங்களேன்.

— யாருக்கு? பல் டாக்டருக்கா?

— உங்க வானியல் சங்கத்துச் செயலாளர்தானே அவரு. எதிரியா என்ன?

— போன கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எழுந்து என்ன கேட்டார் தெரியுமா? 'தலைவர் சார், தப்பா நினைக்காதீங்க. கேமராவும் கம்ப்யூட்டரும் வெச்சு நான் மூணு மாசமா அதே கோணலோட மல்லுக்கட்டறேன். நீங்க வெறும் கையால ஒரே தடவையில எப்படி நேராக்கினீங்க? ஒரு நாள் நேர்ல வந்து பாத்துட்டுப் போறோமே'ன்னார்.

— எல்லார் முன்னாடியும்னா எத்தனை பேரு?

— பதினொரு பேர்.

— உங்களையும் சேர்த்தா?

— சேர்த்துத்தான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— என்ன சொல்றது? 'நம் சங்க இதழில் நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் நேரில் நிரூபிப்பேன். நிரூபிக்க இயலாவிடில் அன்றே தலைவர் பதவியைத் துறப்பேன்'னேன்.

— இதே தமிழ்லயா?

— எழுந்து நின்னு சொன்னேன்.

— நல்லாருக்கு. இதழ்ல என்ன எழுதியிருந்தீங்க, அந்த நாலு பக்கக் கட்டுரை?

— 'திருகின் பிழையும் மனிதக் கரத்தின் மேன்மையும்.'

— அதுல 'என் கரம்'னு எத்தனை தடவை வரும்?

— எண்ணிப் பாக்கல.

— நான் எண்ணினேன். பதினாலு. 'என் கரம் சிறிதும் நடுங்கவில்லை'ன்னு ஒரு வரி. டீ டம்ளரைத் தட்டுல வெக்கும்போது கடகடன்னு சத்தம் வருதே, அது எந்தக் கரம்னு தெரியல.

— டம்ளர் வேற, தொலைநோக்கி வேற. எடை அளவு ஆபீஸ்ல முப்பது வருஷம் வேலை பாத்தவன் நான். ஊர்த் தராசையெல்லாம் திருத்தின கை இது.

— ஆறு நாப்பது.

— என்ன?

— ஒண்ணுமில்ல, முப்பது வருஷம் வந்துச்சு. நேரத்தைக் குறிச்சுக்கறேன். ஆறு நாப்பத்தெட்டுக்கு மறுபடி வரும்.

— உனக்கு எல்லாம் விளையாட்டு.

— விளையாட்டு இல்லைங்க. வேலையை விட்டு வந்தப்புறம் உங்களைத் தலைவர்னு கூப்பிட இந்தப் பத்துப் பேர்தான் இருக்காங்க. மாசத்துக்கு ஒரு கூட்டம், அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே வீட்டுக்குள்ள நிமிர்ந்து நடக்க ஆரம்பிச்சிடுவீங்க. அதைப் போயா பந்தயம் கட்டிட்டு வந்தீங்க?

— சரி, வா. மாடிக்குப் போவோம். அவங்க ஏழரைக்குத்தான் வருவாங்க. அதுக்குள்ள புதுசாப் பாடம் ஏத்திடலாம்.

— இந்தச் சட்டையோடயேவா?

— ஏன், இதுக்கென்ன?

— கசங்கியிருக்கு.

— இருட்டுல யாரு பாக்கப்போறா?

— ம். சரி. பாக்கெட்ல என்ன துருத்திக்கிட்டு நிக்குது?

— உரை. ரெண்டு வார்த்தை பேசணும்ல. படி பாத்து ஏறு, பல்பு போயிடுச்சு.

— ஏழாவது படி கொஞ்சம் சரிவு. எனக்கும் தெரியும். நேரா நடங்க. பாத்தீங்களா, தண்ணித் தொட்டிக்கு மேல வந்திருச்சு உங்க நட்சத்திரம்.

— கொடியில இருக்கற துணியை எடு, மறைக்குது. அந்த பிளாஸ்டிக் நாற்காலியை இந்தப் பக்கம் போடு. லேப்டாப்பைத் திற. நான் தட்டற தட்டையெல்லாம் அதுல கோடா வரையும். நீ கடிகாரத்தைப் பாத்து நிமிஷத்தை மட்டும் சொல்லு. குறிச்சுக்கோ, ஆரம்பம்.

— ஆறு அம்பத்தொண்ணு. ஆரம்பிச்சாச்சு. பேசாதீங்க.

— நான் எங்க பேசறேன்? நிக்குது, நிக்குது. குறுக்குக்கோட்டுல கச்சிதமா நிக்குது. இப்பக் கொஞ்சம் ஒதுங்குது. ஒரு தட்டு. பாத்தியா, வந்துடுச்சு. இதுக்குன்னு ஒரு கைப்பக்குவம் வேணும். எல்லாருக்கும் வராது.

— ரெண்டாவது நிமிஷம்.

— ஒரு தடவை சர்க்கரை மொத்த வியாபாரி ஒருத்தன். தராசுத் தட்டுக்கு அடியில காந்தத்தை ஒட்டி வெச்சிருந்தான். நான் உள்ள போய் நின்னேன். ஒண்ணுமே பேசல. தட்டைப் பாத்தேன். அவன் முகத்தைப் பாத்தேன்...

— நட்சத்திரத்தைப் பாருங்க.

— பாத்துக்கிட்டேதான் பேசறேன். எங்க அது?

— என்னது எங்க?

— காணோம். இந்தப் பக்கம் போயிடுச்சு. இரு, இரு. வருது. ஏன் இப்படி ஓடுது? நீ தரையை அதிர வெக்காத.

— நான் உக்காந்துட்டிருக்கேன். நீங்கதான் விரலை எடுக்காம அழுத்திட்டே இருக்கீங்க. காலிங் பெல் மாதிரி. நாலாவது நிமிஷம்.

— இனிமே பேச மாட்டேன்.

— ஆறாவது நிமிஷம்.

— மூக்கு அரிக்குது.

— பொறுத்துக்குங்க.

— எட்டு ஆச்சா?

— இப்ப ஆச்சு.

— இப்ப அதைத் தானா ஓட விடுவோம். இந்தா, நீ பாரு. அசையாம நிக்கும்.

— ம்.

— நிக்குதா?

— நிக்கலைங்க. கல்யாண வீட்டுல விருந்து முடிஞ்சு வர்ற மாமா மாதிரி ஒரு பக்கமா வருது. இதோ, இப்ப ஒரேயடியா ஓடிடுச்சு. இது சர்க்கரை வியாபாரி வந்த இடமா இருக்கும்.

— அது எப்படி?

— நீங்க தட்டினதையெல்லாம் அது அப்படியே படிச்சு வெச்சிருக்கு. நீங்க கதை சொன்ன இடத்துல அதுவும் எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை உங்க கதையைச் சொல்லும்.

— வேண்டாம். அழிச்சிடு. இன்னொரு தடவை ஏத்தறேன்.

— ஏழு மூணு ஆயிடுச்சு.

— ஆகட்டும். ஆரம்பம்.

— மெதுவா. விட்டு விட்டுத் தட்டுங்க. இப்ப வலது பக்கம் ஒதுங்கும் பாருங்க, ஒதுங்கறதுக்கு ஒரு நொடி முன்னாடியே... இல்லைங்க, அந்தப் பொத்தான் இல்ல. கண்ணுக்கு இடதாத் தெரியறது இதுல வலது. லென்ஸ் மாத்திக் காட்டும்.

— இரு. அது உனக்கு எப்படித் தெரியும்?

— எது?

— லென்ஸ் மாத்திக் காட்டுங்கறது.

— நீங்கதான் சொல்லியிருப்பீங்க. எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை.

— நான் சொன்னதில்ல. எனக்கே அடிக்கடி மறந்துபோகும்.

— அப்ப புத்தகத்துல படிச்சிருப்பேன். நட்சத்திரம் எங்க இருக்கு?

— போயிடுச்சு.

— பேச்சு குடுத்தா போகத்தான் செய்யும். ஏங்க, ரிமோட்டைக் கொஞ்சம் இப்படிக் குடுங்களேன்.

— எதுக்கு?

— நான் ஒரு தடவை பிடிச்சுப் பாக்கறேன். ஏழு பத்துதான் ஆகுது. எட்டு நிமிஷம் போதும். அவங்க வர்றதுக்குள்ள முடிச்சு உங்க கையில குடுத்துட்டுக் கீழ போயிடறேன். டீ போடற வேலை இருக்கு.

— அது முறையில்ல.

— யாருக்குத் தெரியப்போகுது?

— எனக்குத் தெரியுமே. 'என் கரம்'னு அச்சுல வந்திருக்கு.

— அச்சுல வந்ததைக் காப்பாத்தத்தான் கேக்கறேன்.

— டாக்டர் வரட்டும்.

— வரட்டும்னா? அவரு வந்தப்புறம் நான் எப்படிங்க பிடிக்க முடியும்? வர்றதுக்கு முன்னாடி முடிச்சாத்தானே மானம் தப்பும்?

— வரட்டும்னு சொன்னேன்ல. விடு.

— உங்களுக்கு இன்னைக்கு என்னவோ ஆயிருக்கு. எந்த நேரத்துல வீம்பு பிடிக்கறதுன்னு ஒரு கணக்கு வேணாமா? இந்தப் பிடிவாதத்தை...

— சார், மேல வரலாமா? கீழ கதவு திறந்திருந்துச்சு.

— வாங்க டாக்டர். ஏழாவது படி சரிவு, பாத்து. நீங்க முன்னாடியே வருவீங்கன்னு எதிர்பாத்தேன்.

— வணக்கம் மேடம். தப்பா நினைக்காதீங்க, கடைசியா வர வேண்டிய பேஷண்ட் வரல, சீக்கிரமே கிளம்பிட்டேன். மத்தவங்க ஒரே வேன்ல வர்றாங்க. என்ன சார், ஒத்திகையா?

— வாங்க டாக்டர், உக்காருங்க. இப்பத்தான் எல்லாம் தயார் பண்ணிட்டிருந்தாரு. கரண்ட்டு போனதுல அதுக்கு ஞாபகம் தப்பிடுச்சு. இன்னொரு நாள் வெச்சுக்கலாமான்னு...

— ஏன் இன்னொரு நாள்? இப்பவே நேர்ல ஏத்திக் காட்டறோம் டாக்டர். நீங்க கேட்டதும் அதுதானே.

— ஐயோ, அது இன்னும் நல்லதாப் போச்சு சார். என் கேமரா ஒரு ராத்திரி முழுக்கப் பாத்துட்டு 'பிழை'ன்னு ஒரே வார்த்தையில சொல்லுது. அதை நான் காசு குடுத்தா தெரிஞ்சுக்கணும்? நீங்க கையால எப்படித்தான் பண்றீங்கன்னு பாக்கணும். வலிக்காம எடுக்கற வித்தை எங்க தொழில்லயே கஷ்டம்.

— பாருங்க. கட்டைவிரல் இப்படி. மணிக்கட்டு இப்படி. அதாவது... ஆ.

— என்னங்க?

— கட்டைவிரல் பிடிச்சுக்கிச்சு. இந்தா, நீ பிடி.

— நானா?

— நீதான்.

— டாக்டர் முன்னாடியா? விளையாடாதீங்க.

— விதிமுறையில தடை ஒண்ணுமில்ல. பிடி. திருகு சுத்திக்கிட்டே இருக்கு. நானே நேரம் சொல்றேன். ஏழு பதினாறு. ஆரம்பம்.

— என்னங்க இது. சரி. இங்க பாருங்க, பயப்பட ஒண்ணுமில்ல. சாதாரணமா இருங்க.

— யார்கிட்ட சார் பேசறாங்க?

— ஷ். நட்சத்திரத்துகிட்ட. பழக்கம்.

— ஆடாதீங்க. மூச்சைப் பிடிச்சுக்க வேண்டாம். ம், இப்பக் கொஞ்சம் இழுக்கும். இழுக்கட்டும். இதோ. அவ்வளவுதான். சமத்து.

— ரெண்டாவது நிமிஷம்.

— கை காலைத் தளர விடுங்க. வலிக்கவே வலிக்காது, ஊசி இல்ல ஒண்ணும் இல்ல. அந்தப் பக்கம் என்ன இருக்கு, எதுக்கு அங்க போகணும்? வாங்க. ம். அப்படியே இருங்க.

— சார், என் கிளினிக்ல ஒருத்தர் இப்படிப் பேசினா பாதிப் பேருக்கு மருந்தே வேணாம்.

— அஞ்சாவது நிமிஷம். டாக்டர், பேசாதீங்க.

— முடியப்போகுது. இன்னும் கொஞ்ச நேரம்தான். வீட்டுல இருந்து கூட யாராவது வந்திருக்காங்களா? வந்திருப்பாங்க. வெளிய உக்காந்திருப்பாங்க. ம். இன்னும் ஒரே ஒரு தட்டு.

— எட்டு.

— எழுந்துக்கலாம். சட்டையைப் போட்டுக்குங்க. ஐயோ, என்ன பேசறேன் நான்? இந்தாங்க, பிடிங்க இதை.

— இப்பத் தானா ஓட விடறேன். டாக்டர், நீங்க பாருங்க.

— பாக்கறேன் சார்.

— எப்படி?

— அசையல.

— இன்னும் பாருங்க.

— கொஞ்சம்கூட அசையல சார். ஆணி அடிச்சு மாட்டின படம் மாதிரி நிக்குது. எங்க மேடம் கத்துக்கிட்டீங்க?

— கத்துக்கல டாக்டர். ஆஸ்பத்திரியில வர்ற பேஷண்ட்டெல்லாம் இதைவிட அதிகமா ஆடுவாங்க.

— சார், தப்பா நினைக்காதீங்க. லேப்டாப்ல இந்தக் கோட்டைக் கொஞ்சம் பெருசா காட்டுங்களேன். நம்ம இதழை நான் கையோட எடுத்துட்டு வந்திருக்கேன். இதோ, உங்க கட்டுரையில போட்ட கோடு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க.

— ரெண்டும் கோடுதானே டாக்டர். டீ எடுத்துட்டு வரவா?

— ஒரு நிமிஷம் மேடம். இங்க பாருங்க. நட்சத்திரம் ஒதுங்கற ஒவ்வொரு இடத்துலயும் ஒரு தட்டு இல்ல, ரெண்டு தட்டு. சின்னதா ஒண்ணு, உடனே இன்னொண்ணு. டொக் டொக். இதழ்ல இருக்கற கோட்டுலயும் அதே டொக் டொக். இந்த ஓரத்துல இருக்கற பழைய ரெண்டு கோடு என்ன, இன்னைக்குச் சாயங்காலத்ததா? இதுல ஒரே நீளமா அழுத்தியிருக்கு.

— அது கட்டைவிரல் பிடிச்சுக்கிட்டதால இருக்கும்.

— மேடம், ஒரு ரொட்டித் துண்டுல ரெண்டு கடி இருந்தா, ரெண்டும் ஒரே வாயா, வேற வேற வாயான்னு எனக்குத் தெரியும். என் பொழப்பே அதுதான்.

— பேஷண்ட் நெஞ்சுல ஈ.சி.ஜி. ஒயரை ஒட்டினா, ஒட்டிக்கிச்சான்னு ரெண்டு தட்டு தட்டுவேன் டாக்டர். வீட்டுல அதையேதான் எல்லாத்துலயும் பண்றேன். மிக்ஸி மூடியா இருந்தாலும் ரெண்டு தட்டு. அவரு பாத்துப் பாத்து அவருக்கும் அது ஒட்டிக்கிச்சு. கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷம் ஆகுதே. அவரோட பழக்கம் எனக்கும், என் பழக்கம் அவருக்கும். அன்னைக்கு அவரு அப்படித் தட்டியிருக்காரு. இன்னைக்கு விரல் வலி.

— ஓ. அப்படி இருக்கலாம். ஆமா, இருக்கலாம். எங்க வீட்டுலகூட என்னை மாதிரியே அவளும் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்றா. சரி சார், நான் ஒத்துக்கறேன். கட்டுரை கட்டுரைதான். தலைவர் தலைவர்தான். மத்தவங்க வரட்டும், நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்.

— இருங்க டாக்டர்.

— சார்?

— பாக்கெட்ல ஒரு காகிதம் வெச்சிருக்கேன். படிக்கறேன். நின்னுக்கிட்டுப் படிக்கறேன்.

— என்னங்க, உரையெல்லாம் எல்லாரும் வந்தப்புறம்...

— நீ உக்காரு. 'திருத்தம். சென்ற இதழில், மூன்றாம் பக்கம், பன்னிரண்டாம் வரியில், "என் கரம் சிறிதும் நடுங்கவில்லை" என்று இருப்பதை, "என் மனைவியின் கரம் சிறிதும் நடுங்கவில்லை, நான் நாற்காலியில் கண்மூடிக் கிடந்தேன்" என்று திருத்தி வாசிக்கவும். ஏனைய பதின்மூன்று இடங்களுக்கும் இது பொருந்தும். பிழைக்குப் பொறுப்பு நான் ஒருவனே.' அவ்வளவுதான்.

— குடுங்க சார், பாப்போம். கீழ 'தலைவர்'னு எழுதி, அடிச்சுட்டு, 'உறுப்பினர்'னு போட்டிருக்கீங்க.

— சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு இருக்கே. மத்தவங்க வந்ததும் இன்னொரு தடவை படிப்பேன்.

— சார், தப்பா நினைக்காதீங்க, ஒரே ஒரு விண்ணப்பம். அந்தக் கடைசி வரியை மட்டும் அவசரப்பட்டுப் படிக்காதீங்க. தலைவர் இல்லைன்னா எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பாப்பாங்க. அப்புறம் பதினொரு நாற்காலியையும் என் கிளினிக்லதான் அடுக்கணும். இதழுக்கு நாலு நாலு பக்கம் யாரு எழுதறது? அது ஒரு கொடுமை.

— எழுதறதா, படிக்கறதா டாக்டர்?

— மேடம், நீங்க ஒண்ணு. கீழ ஹாரன் கேக்குது. வந்துட்டாங்க. ஏழாவது படி சரிவுதானே, நானே போய்க் கூட்டிட்டு வரேன்.

— போயிட்டாரா?

— போயிட்டாரு. உக்காருங்க. கை இப்பத்தான் நடுங்குது உங்களுக்கு.

— டம்ளர் கை. விடு.

— எப்பத் தெரியும்?

— எது?

— அன்னைக்குப் பிடிச்சது நான்தான்னு. நீங்க அந்த நாற்காலியில தூங்கிட்டீங்க. ஸ்வெட்டர் குடுக்கத்தான் மேல வந்தேன். ரிமோட் கையிலேர்ந்து நழுவுது, நட்சத்திரம் அது பாட்டுக்குப் போகுது. ஓடிட்டிருக்கற பேஷண்ட்டை அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல. முடிச்சுட்டு உங்க கையிலயே திரும்ப வெச்சேன். எப்படித் தெரிஞ்சுது?

— நீ ரிமோட்டை எடுத்தப்பவே முழிச்சிட்டேன்.

— குறட்டை விட்டீங்களே.

— விட்டேன். நிறுத்தினா நீ நிறுத்திடுவ.

— எதை?

— பேசறதை. 'வெளிய உக்காந்திருப்பாங்க, முடியப்போகுது'ன்னு அதுகிட்ட சொல்லிட்டிருந்தியே. இத்தனை வருஷமா ஆஸ்பத்திரியில முன்ன பின்ன தெரியாதவங்ககிட்டயெல்லாம் நீ எப்படிப் பேசறன்னு எனக்குத் தெரியவே தெரியாது. வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டுத் திரும்பிடுவேன். எட்டு நிமிஷமும் கேட்டுக்கிட்டே கிடந்தேன்.

— அப்புறம் எதுக்கு 'என் கரம்'னு எழுதினீங்க?

— எழுத உக்காந்தா அப்படித்தான் வருது. எடை அளவு ஆபீஸ்ல முப்பது வருஷம்...

— ஏழு முப்பத்தஞ்சு. அப்புறம்?

— அப்புறம் ஒண்ணுமில்ல. எழுதினப்புறம் எப்படித் திருத்தறதுன்னு தெரியல. வாயால சொல்ல வரல. நீ எல்லார் கண் முன்னாடியும் ஒரு தடவை பிடிச்சுக் காட்டிட்டா, அப்புறம் சொல்லித்தானே ஆகணும்னு காகிதத்தைப் போன வாரமே எழுதி வெச்சேன்.

— சாயங்காலம் ரெண்டு தடவை தப்புத் தப்பாத் தட்டினது?

— அதுல நடிப்பு இல்ல. உண்மையாவே முயற்சி பண்ணினேன்.

— வந்திருந்தா?

— வந்திருந்தாலும் காகிதத்தை எடுத்திருப்பேன்.

— ம்.

— எடுத்திருப்பேன்னுதான் நினைக்கறேன்.

— சரி, நான் கேக்கல. படியில சத்தம் கேக்குது. அந்தக் காலரை நேராக்கிக்குங்க.

— ஒரு விதத்துல, நீ அந்தப் பிளக்கைப் பிடுங்கினதும் நல்லதுக்குத்தான் ஆச்சு.

— இஸ்திரிப் பெட்டி போன ஞாயித்துக்கிழமையே தங்கச்சி வீட்டுக்குப் போயிடுச்சுங்க. பிடுங்கினது நீங்கதான்னு முகத்துல எழுதி ஒட்டிக்கிட்டு வந்து நின்னப்பவே, சரி, மனுஷன் எதுக்கோ அடி போடறாருன்னு நானும் ம் சொல்லி வெச்சேன்.